கஜராஜாவின் சொந்தப் பெயர்

கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர், இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் பழுதாகி நின்றது. அதன் பானெட் வேறொரு வண்டியிலிருந்து வாங்கிப் போட்டது. அதில் ‘கஜராஜா’ என்று பெரிதாக எழுதியிருக்கும். பானெட் மாறிய கதை தெரியாமல், அந்தப் பெயருக்கு ஏற்ற புது பம்பை வாங்கி வந்தார் டிராக்டர்காரர் ஞானமுத்து. இன்ஜினில் வைத்துப் பார்த்தால் போல்ட் ஓட்டைகள் சேரவில்லை.

“இனி பழைய இரும்புக் கடைதான்” என்று பம்பை பானெட்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

“அண்ணே, நிசமா நீங்க எந்த மாடல்?” என்றது பம்ப்.

“படிக்கத் தெரியாதா? கஜராஜா!”

“அது மூடியோட பேரு. உங்க பேரு இன்ஜின்ல அச்சடிச்சிருக்குமே. அங்க மட்டும் ஏன் இத்தனை கிரீஸ் அப்பிக்கிட்டிருக்கீங்க?”

“குளிருதுப்பா.”

“கத்திரி வெயில்லயா? சொல்லுங்கண்ணே, இல்லன்னா சாயந்திரம் உங்களை உடைச்சிருவாங்க.”

டிராக்டர் தயங்கியது. “சிரிக்க மாட்டியே?”

“சத்தியமா மாட்டேன்.”

“கன்னுக்குட்டி.”

பம்ப் சிரித்த சிரிப்பில் உருண்டு விழுந்தது. விழும்போது இன்ஜினில் உரசி, கிரீஸையும் வழித்துவிட்டது. கடவுள் புண்ணியம், டீ குடித்து வந்த ஞானமுத்து அந்த எழுத்தைப் பார்த்துவிட்டார். உடனே கடைக்கு ஓடி, பம்பை மாற்றி வந்து பூட்டினார்.

“கிளம்புடா, என் கன்னுக்குட்டி!” என்று பானெட்டைத் தட்டினார்.

வரப்பில் மேய்ந்த பசு திரும்பிப் பார்த்தது. டிராக்டர் காதில் விழாத மாதிரிதான் நின்றது. ஆனால் சாவியைத் திருப்பியதுமே கிளம்பிவிட்டது.