பன்னிரண்டாவது எழுத்து

அக்கா எழுதிய ரெஜெக்ஸ் லைப்ரரியை, அதாவது உரைக்குள் பேட்டர்ன் தேடும் கணினி நிரலை, நான்தான் சோதிப்பேன். தேடுவதற்குக் கொடுக்கும் பேட்டர்ன் தப்பாக இருந்தால், எத்தனையாவது எழுத்தில் தப்பு என்று அது சொல்லிவிடும்.

இன்று தேடல் பெட்டியில் ஏழு எழுத்து அடித்தேன். ‘பன்னிரண்டாவது எழுத்தில் பிழை’ என்றது.

“அக்கா, உன் பிள்ளைக்கு எண்ணத் தெரியல. இருக்கிறதே ஏழுதான்.”

“என் பிள்ளை தப்பா எண்ணாது. மேல அடிடா.”

வீம்புக்கு அடித்துக்கொண்டே போனேன், கவனமாகத்தான். முடித்த பிறகும் அதே செய்தி. எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டாவது எழுத்தாகத் திறந்த அடைப்புக்குறியை நான் மூடவே இல்லை.

“பாத்தியா?” அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

எல்லாவற்றையும் அழித்தேன். காலிப் பெட்டியின் கீழே உடனே வந்தது: ‘முதல் எழுத்தில் பிழை.’

“ம், அடிடா,” என்று சிரித்தபடி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

நான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.