கேஸ் வராத கழுதை

"மீசையை எடுத்துடுங்கம்மா. மீசையோட வெளியே வந்தா, நாம உள்ளே போக வேண்டியதுதான்."

கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு பதிப்பாளர் சொன்னார். ஓவியர் ரப்பரை எடுத்துத் தேய்க்க, மேஜை மேல் இருந்த அட்டைப்படக் கழுதை தன் மீசையை இழந்தது. அமைச்சருக்கும் இதே முறுக்குமீசைதான்.

அந்தக் காலத்து அரசியல் நையாண்டிப் புத்தகம் அது. ஒரு கழுதை காட்டுக்கு ராஜாவாகி, மற்ற மிருகங்களைப் படுத்தும் பாடுதான் கதை. எழுதியவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்கென்ன பயம்? படங்களோடு புதுப் பதிப்பு கொண்டுவரும் பதிப்பாளருக்குத்தான் பயமெல்லாம்.

போன புத்தகத்துக்கே செருப்புத் தேயக் கோர்ட்டுக்கு அலைந்தவர். இந்த முறை வக்கீல் மைத்துனரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

"தொப்பி வேணாம் மாமா, எதிர்க்கட்சித் தலைவர் சண்டைக்கு வருவார்" என்றார் வக்கீல். தொப்பி போனது. "சால்வையைப் பார்த்தா மேயர் சும்மா விடமாட்டார்." சால்வையும் போனது.

"காதும் கொஞ்சம் பெருசு. கேஸ் வந்தா எந்த ஜட்ஜ்கிட்ட போகும்னு யோசிச்சுப் பாருங்க."

"காதையும் எடுத்தா அது கழுதையே இல்ல சார்!" ஓவியருக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தகத்துக்குள் வரும் படங்களையெல்லாம் மாசக்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருந்தார். இன்று அட்டை அச்சுக்குப் போகாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று பதிப்பாளர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"யார் மாதிரிதான் சார் வரையட்டும்?"

"யார் மாதிரியோ வரைஞ்சு தொலைங்க! என் மேல கேஸ் போடவே முடியாத ஆளா இருக்கணும், அவ்வளவுதான்."

ஓவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு புதுத் தாளை எடுத்து மளமளவென்று வரையத் தொடங்கினார். டீ ஆறுவதற்குள் படம் முடிந்துவிட்டது.

டீயும் கையுமாகப் படத்தை எட்டிப் பார்த்த வக்கீலுக்குப் புரையேறியது. இருமி முடித்து, சட்டையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கேஸே வராது மாமா, எழுதியே தர்றேன். முதல் காப்பி மட்டும் அக்காவுக்குக் கொடுத்துடுங்க."

பதிப்பாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையோடு அட்டையை அச்சுக்கு அனுப்பிவைத்தார். கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் சந்தேகம் தட்டியது.

"எங்கேயோ பார்த்த மூஞ்சியா இருக்கேம்மா. ஆளு எப்படி, தகராறு பிடிச்சவனா? நாளைக்கே என் மேல கேஸ் கீஸுன்னு போட்டான்னா?"

பென்சில்களைப் பைக்குள் போட்டபடி ஓவியர் சொன்னார்:

"போடறதா இருந்தா, நீங்க உங்க மேலயேதான் சார் போட்டுக்கணும்."