மாங்கொப்பில் தொங்கும் எஞ்சின்

"இந்தக் கொப்பு தாங்காதெண்டு அப்பவே சொன்னன், மச்சான்."

"கதைக்காமச் சங்கிலியப் புடி."

முனாபின் வலக்கை, ஓடாமல் இறுகிப்போன எஞ்சினுக்கும் பிக்கப் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே சிக்கியிருக்கிறது. கழற்ற மறந்த கடைசி வயரைத் தேடி உள்ளே விட்ட கை அது. அந்நேரம் பார்த்து மாங்கொப்பு பாதி முறிந்து, வெளியே தூக்கக் கப்பியில் தொங்கவிட்ட எஞ்சின் கீழே சரிந்துவிட்டது. கப்பியின் சங்கிலியைப் பிடித்தபடி மைத்துனன் ஜவாத் மூச்சடக்கி நிற்கிறான். இழுத்தால் கொப்பு ஒடியும், விட்டால் கை நசுங்கும். பட்டை வெடித்த இடத்தில் மரம் வெள்ளையாகத் தெரிகிறது. இலைகளுக்கூடாக இறங்கும் வெயில் எஞ்சினின் துருவில் நடுங்குகிறது. தெருவில் ஆளரவமில்லை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வெள்ளிக்கிழமை ஜும்மாப் பிரசங்கம் நீள்கிறது. முனாபின் முழங்கையில் கறுத்த எண்ணெய் வழிகிறது. விரல்களை அசைக்கப் பார்க்கிறான். மேலே கொப்பு மெல்ல முனகுகிறது.

"ஜவாத்... பிஸ்மில்லாச் சொல்லி, சங்கிலியில ஒரேயொரு கண்ணி மட்டும் தூக்கு."