மலைக்கு எடுத்துப்போகும் உருண்டை

"நெய் வேண்டாம், தேனும் கூடாது" என்றபடி, மலைக்கு எடுத்துப்போகும் உருண்டைக்காகப் பேரீச்சம்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தார் கணவர்.

"எனக்கு ஒரு நாளாவது டீ போட்டுத் தந்ததுண்டா? மலையேறுற குழுவுல யாருங்க அந்த மகராசி?" மனைவி விடுவதாக இல்லை.

"மகராசி இல்லடி, மகராசன்! நம்ம பொண்ணோட ஓடிப்போனவன்தான் அங்க வழிகாட்டி. செடிகொடியில விளையுறதைத்தான் தொடுவானாம். மூணு வருஷமா அவங்களோட யாரும் பேசக் கூடாதுன்னு சொன்னவன் நான். இப்ப வெறுங்கையோட போய் எப்படி ஆரம்பிக்கிறது?"

அவர் முந்திரியைக் கொட்டப் போனதும் மனைவி பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"ஐயோ, முந்திரி வேண்டாம்! மாப்பிள்ளைக்கு ஒத்துக்காது. போன வாரம் நான் செஞ்சு கொடுத்ததுல உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு."

"போன வாரமா?"

மனைவி அவசரமாகக் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.