பதினொன்றை விட்டவள்

"நாப்பதுல பதினொண்ணக் கோட்டை விட்டுட்டியேம்மா! நீயா இப்படி?"

சூப்பர்வைசருக்கே நம்ப முடியவில்லை.

கழுகக்கா தலை குனிந்துகொண்டாள். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக விரிசல் பார்க்கிறவள். ஓடுகிற பெல்ட்டில் ஒரு பாட்டில்கூட அவளை ஏமாற்றிவிட்டுப் போனதில்லை. பட்டப்பெயர் சும்மா வந்துவிடுமா?

இப்போது அந்த வேலைக்குக் கேமரா வைத்த ரோபோ வந்து இறங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதுமாம். இருப்பதோ அக்காவும், அவளிடம் வேலை பழகிய பொடிசும்.

"உன் வீட்டுக் கஷ்டம் தெரியும். நீயே இருந்துக்கோ" என்றுதான் சூப்பர்வைசர் முதலில் பொடிசிடம் சொன்னார்.

"பாவம் பார்த்து யாரும் எனக்கு வேலை தர வேணாம் சார். போட்டி வைங்க!" என்று முறுக்கிக்கொண்டவள் பொடிசுதான்.

வைத்தார்கள். நல்ல பாட்டில்களோடு நாற்பது விரிசல் பாட்டில்களைக் கலந்து பெல்ட்டில் ஓடவிட்டார்கள். பொடிசு நான்கை விட்டாள், அக்கா பதினொன்றை.

"கண்ணு முன்ன மாதிரி இல்ல சார். வயசாகுதில்ல?" என்றாள் அக்கா.

பொடிசுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. போன வருஷம் வெல்டிங் ரோபோ வந்து புருஷனுக்கு வேலை போனது. அவன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். இவள் சம்பளமும் நின்றால் வீட்டில் அடுப்பெரியாது.

கூடவே கொஞ்சம் இளக்காரமும் வந்தது. "முகத்துல இருக்கறது கண்ணா, புண்ணா?" என்று இந்த அக்கா அவளை எத்தனை நாள் வறுத்தெடுத்திருப்பாள்!

உடை மாற்றும் அறையில் வாய் சும்மா இருக்கவில்லை.

"கண்ணு தெரியலேன்னு முன்னாடியே ஒத்துக்கிட்டிருந்தா, மரியாதையா வீட்டுக்குப் போயிருக்கலாமேக்கா. சார் முன்னாடி இந்த அசிங்கம் தேவையா?"

அக்கா சீருடையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"போயிருக்கலாம்தான். வீம்பு விடலியேடீ."

வாசலில் அக்கா பஸ் ஏறி, பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பேசியது அதிகம்தான் என்று பொடிசுக்கு உறுத்தியது. பஸ் நகரவும், உள்மணிக்கட்டில் வாட்ச் கட்டிய கையைத் தூக்கி ஆட்டினாள்.

அக்கா சட்டென்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஏய் பொடிசு! உன் வாட்ச் கண்ணாடியில, ஆறாம் நம்பருக்குக் கீழ விரிசல் விட்டிருக்கு பாரு. தண்ணி எறங்குறதுக்குள்ள மாத்திடு!"

கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஸ் திரும்பிவிட்டது.

பொடிசு வாட்ச்சைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கழற்றி, வெயிலில் சாய்த்துப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினாள்.

மயிரிழை போன்ற அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க அவளுக்கு முழுசாக மூன்று நிமிஷம் பிடித்தது.