காற்றுப் பற்றாக்குறை

சாத்தூர் ரோட்டில், சாதிக் பாட்சாவின் ஒர்க் ஷாப் வாசலில், முதலாளியின் பழைய அம்பாசிடர் கறுப்புப் புகையாகக் கக்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் நல்லசிவம் மிதி என்றால் மிதித்தான், விடு என்றால் விட்டான். மிதித்தால் புகை. விட்டால் எஞ்சின் நின்றது.

முதலாளி சீனிவாசகத்துக்கு நோய் எப்போதோ பிடிபட்டுவிட்டது. டிரைவர் பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறான். லிட்டருக்கு முன்பு ஓடியதில் பாதிகூட வண்டி இப்போது ஓடுவதில்லையே, வேறென்ன காரணம் இருக்க முடியும்? வண்டி சரியானதும் சாவியை வாங்கிக்கொண்டு ஆளை இங்கேயே இறக்கிவிடப்போவதாக, அவன் காதில் விழும்படியே சொன்னார்.

இல்லை, இல்லை என்று சொல்லியே நல்லசிவத்துக்கு வாய் வலித்தது.

பின் சீட்டில் சென்னை அதிகாரி. நாரணாபுரத்தில் முதலாளியின் பட்டாசு ஆலை பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்வையிட வந்தவர். ஆபீஸ் ரூமில் இளநீர் குடித்தபடியே பார்வையிட்டார். கறிச்சோறு சாப்பிட்டபடியும் பார்வையிட்டார். இனி ரயிலேறிப் போய் ரிப்போர்ட் எழுத வேண்டியதுதான் பாக்கி.

கிடைத்த நேரத்தை முதலாளி வீணாக்கவில்லை. கலவை விஷயத்தில் தனக்குப் பாடம் எடுக்க ஜில்லாவில் ஆள் கிடையாது என்றார். அலுமினியப் பொடி சலிக்கிற கொட்டகையைத் தாண்டி ஒரு சிட்டிகை வெளியே வந்துவிட்டால் மீசையை எடுத்துவிடுவாராம். கார்கூட ஆபீஸ் வாசலோடு சரி.

அதிகாரி தலையாட்டினார். தூக்கத்திலும் அவர் தலை அப்படித்தான் ஆடும் போலிருந்தது.

சாதிக் பாட்சா கார்புரேட்டர் திருகை உள்ளே திருகினார், வெளியே திருகினார். பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரி வந்தது. மறுபடி திருகு. முதலாளியோ பக்கத்திலேயே நின்று, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். கடைசியில் பாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"மொதலாளி, பெட்ரோலு சுத்தமாத்தேன் இருக்கு. மோந்து பாத்துட்டேன். வண்டிக்குக் காத்து பத்தலை, அம்புட்டுத்தேன்."

இவ்வளவு காற்று வீசுகிறதே, எப்படிப் பத்தாமல் போகும் என்று முதலாளி கேட்டார்.

பாய் ஏர் ஃபில்டரைக் கழற்றி, காரின் பின்கதவோரமாகத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

பொலபொலவென்று கொட்டியது. வெயிலில் வெள்ளியாக மினுங்கியது.

முதலாளியின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போனது.

அதிகாரி முதன்முறையாக முழுசாக விழித்துக்கொண்டார். ஆபீஸ் வாசலைத் தாண்டாத காருக்குள் அலுமினியப் பொடி எப்படி வந்தது? அங்கே காற்றே பொடியாகத்தான் இருக்கிறதா? வண்டியைத் திருப்பச் சொல்லட்டுமா? அந்தக் கொட்டகையை இப்போதே பார்க்க வேண்டும்.



"நாந்தேன் சார் எடுத்தேன்," என்றான் நல்லசிவம். "பொடியத் திருடி பானெட்டுக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோனேன். வழியில பை கிழிஞ்சிருச்சு."

சாதிக் பாட்சா ஃபில்டரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். புது ஃபில்டர் எடுக்க உள்ளே போய்விட்டார்.

முதலாளிக்கு உயிர் வந்தது. திருட்டுப் பயல் என்று தான் அப்போதே சொல்லவில்லையா? ஆனாலும் போலீசுக்கெல்லாம் போக வேண்டாம், பிள்ளைகுட்டிக்காரன், பிழைத்துப் போகட்டும். பெரிய மனசு உங்களுக்கு என்று அதிகாரி மெச்சினார். மெச்சிவிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டார்.

புது ஃபில்டர் போட்டதும் புகை நின்றது. வண்டி பூனை மாதிரி உறுமியது. சாவியை வாங்கும்போது முதலாளி, அதிகாரிக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"பஞ்சம்மா நாளைக்கும் சலிக்க வரட்டும்லே."

அன்று சாயங்காலம், ஆலையிலிருந்து வந்த பெண்டாட்டி பஞ்சம்மாள் கிணற்றடியில் குனிந்து தலையை அலசினாள். தண்ணீர் வெள்ளியாக ஓடியது.

நல்லசிவம் இன்னொரு வாளி இறைத்துக் கொடுத்தான்.