நிறம் கூட்டும் மருந்து

ஃபெலிக்ஸ் தினமும் காலையில் கூடத்திலிருக்கும் கண்ணாடித் தொட்டியில் ஐந்து சொட்டு மருந்து விடுவான். உப்புத் தண்ணீரில் இருக்கும் சத்தையெல்லாம் அது இல்லாமல் செய்துவிடும். அதில் அவன் வளர்த்த, மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உயிருள்ள கடல் பவளங்கள் தவிட்டு நிறம் போய், வெளிர் ரோஜாவும் ஊதாவுமாக மாறியிருந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

தொட்டிக்கான உப்பைக் கொடுக்க வந்த கடைக்கார முஸ்தபா மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது பசியில வெளுத்த நிறம். கொஞ்சம் தீனி போடுங்க," என்றான்.

"அஞ்சு சொட்டுக்கு மேல போனா செத்துடும். உயிர் போகாத அளவுக்குப் பட்டினி போடத் தெரியணும் தம்பி," என்ற ஃபெலிக்ஸ், டீ கொண்டுவந்த மனைவி ரோஸ்லினைக் காட்டினான். "இவளும் கல்யாணத்தப்போ பூசணிக்கா மாதிரி இருந்தா. இப்பப் பாருங்க."

அன்று காலை அவளுக்குக் கிடைத்தது அரை இட்லி.

மறுநாள் ஒரு வாரத்துக்கு வெளியூர் கிளம்பியபோது, பவளத் தீனி டப்பாவிலும் அரிசி டப்பாவிலும் பேனாவால் அளவுக்கோடு போட்டுவிட்டுப் போனான். மருந்துப் புட்டியில் போடவில்லை.

ரோஸ்லின் தொட்டிக்கு மேலே கையை நீட்டினாள். தீனி வருகிறது என்று பவளங்கள் குட்டிக் குட்டி வாய்களைத் திறந்தன. ஐந்து சொட்டு விட்டுவிட்டுப் பார்த்தாள். அவை மூடிக்கொள்ளவில்லை.

"உயிரெல்லாம் போகாது," என்றாள் அவற்றிடம். "எனக்குப் போயிடுச்சா என்ன?"

ஆறாவது சொட்டை விட்டாள். புட்டியில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.